கைநாட்டும் குடிமக்கள் உரிமையும்

கோலார் தங்கவயல் என்றதும் பொன்னும், பூமிக்குள் பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கமும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பாறையைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் 1930-ஆம் ஆண்டில் அத்தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்காமல், வேலை நேரத்தைக் குறைக்கவும் கோராமல், வேறொரு காரணத்துக்காகக் கருவிகளைக் கீழே வைத்தார்கள் என்ற செய்தி பலருக்குத் தெரியாது. தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய இணங்க மாட்டோம் என்பதே அக்காரணம். அதற்காக ஏறத்தாழ மூன்று வாரம் கூலியை இழந்து நின்றார்கள்.

இன்று நாம் ரேஷன் கடையில் விரலை வைக்கிறோம். வங்கியில் வைக்கிறோம். கைப்பேசி இணைப்பு வாங்கும்போதும் வைக்கிறோம். பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் சூரத்திலும் பிழைப்பைத் தேடிக் குடியேறிய நம்மவர்கள், புதிய ஊரில் தாம் இன்னார் என்று காட்டப் பல இடங்களில் அந்த ஒரு விரலையே நம்பியிருக்கிறார்கள். அன்று மூன்று வாரம் பட்டினி கிடந்து மறுத்த ஒன்றை இன்று நாம் எளிதாகக் கொடுக்கிறோமே, மறுத்தவர்கள் அறியாதவர்களா? கொடுக்கும் நமக்குச் சட்டம் தரும் காப்பு யாது? இவ்விரண்டு வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

கைநாட்டு பிறந்த கதை

'கைநாட்டு' என்ற சொல் நம் பேச்சில் ஓர் ஏளனச் சொல்லாகவே வழங்கி வருகிறது. எழுத்தறியாதவரைக் 'கைநாட்டுப் பேர்வழி' என்று சொல்லி விடுகிறோம். எனினும் உலகின் பெரிய அரசுகள் எல்லாம் இன்று நம்பி நிற்கும் அடையாள முறை அந்தக் கைநாட்டிலிருந்து வளர்ந்ததே. அது பிறந்த இடமும் நம் நாடுதான்.

1858-ஆம் ஆண்டில் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலை போடுவதற்கான கல் அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம், ஒப்பந்தத் தாளின் மேல் அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதிக்கச் சொன்னார். பின்னர் 'இது என் கையெழுத்தே அன்று' என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். 1877-ஆம் ஆண்டில் ஹூக்ளி மாவட்டத்தில் பென்ஷன் வாங்குவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் ஹெர்ஷல் விரல் ரேகை வாங்கத் தொடங்கினார். இறந்தவர் பெயரில் மற்றொருவர் பென்ஷன் வாங்குவதைத் தடுப்பதற்கு இது உதவிற்று.

பென்ஷனுக்காகத் தொடங்கிய இம்முறை விரைவிலேயே போலீஸ் இலாகாவின் கைக்குச் சென்றது. வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ், அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பால் ரேகைகளை வகைப்படுத்தி அடுக்கும் முறை உருவாயிற்று. 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகை நிலையம் திறக்கப்பட்டது. அவ்வகையில் உலகிலேயே முதலாவது அதுவே. இங்கு ஒன்றை நாம் மனத்தில் இருத்த வேண்டும். பென்ஷன் வாங்கும் முதியவர் பதித்த ரேகை அவருடைய உரிமையைக் காத்தது. போலீஸ் நிலையத்தில் பதித்த ரேகையோ அவரைச் சந்தேகத்துக்குரியவர் ஆக்கியது. மையும் ஒன்று, விரலும் ஒன்று. வாங்குபவரின் நோக்கமே வேறு.

டிரான்ஸ்வாலில் எழுந்த மறுப்பு

இவ்வேறுபாட்டை உலகுக்கு முதலில் உரக்க எடுத்துச் சொன்னவர்கள் வெளிநாட்டில் பிழைக்கச் சென்ற இந்தியர்கள். அவர்களிலும் தமிழர் முன்னின்றனர். இடம், மற்றொரு தங்கவயல். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் நாட்டில் ஜோஹானஸ்பர்க் நகரம் பொற்சுரங்கங்களால் எழுந்தது. எட்வர்ட் ஹென்றி 1900-ஆம் ஆண்டில் அங்கே அனுப்பப்பட்டுப் போலீஸ் படையையும் கைரேகை முறையையும் அமைத்துக் கொடுத்துத் திரும்பினார்.

1906-ஆம் ஆண்டில் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும், போலீஸ்காரர் கேட்ட இடத்தில் அதைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோஹானஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் கூடிய இந்தியர்கள் இச்சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று உறுதி பூண்டனர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் பிறந்த நாள் அது.

அங்குத் தமிழ் மக்களின் தலைவராக விளங்கிய தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். சிறையில் பட்ட துன்பத்தால் 1909-ஆம் ஆண்டில் உயிர் நீத்த இளைஞர் சாமி நாகப்பனும் தமிழரே. மக்கள்தொகை விகிதத்தை நோக்கினால் சிறை சென்றவருள் தமிழரே மிகுதி என்பதைக் காந்தியடிகளும் குறிப்பிட்டிருக்கிறார்.

1908-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாகவே முன்வந்து பதிவு செய்துகொண்டால் கட்டாயச் சட்டம் நீங்கும் என்று காந்தியடிகள் புரிந்துகொண்டார். அதை நம்பித் தாமே கைரேகை பதிக்கப் புறப்பட்டார். நேற்று வரை மறுக்கச் சொன்னவர் இன்று கொடுக்கச் சொல்கிறாரே என்று சினந்த சிலர் பிப்ரவரி 10-ஆம் நாள் வழியில் அவரை அடித்து வீழ்த்தினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். காந்தியடிகளின் நிலை தெளிவானது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தால் அவமானம், தாமாக ஒப்பிக் கொடுத்தால் கண்ணியம் என்பதே அவர் கொள்கை. சட்டம் நீங்கவில்லை என்று கண்டபோது, ஆகஸ்டு 16-ஆம் நாள் ஹமீதியா மசூதி வெளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் தீயில் இடப்பட்டன. 'ஒப்புதல்' என்று இன்றைய சட்டங்கள் பேசும் கருத்தின் வேர் இந்நிகழ்ச்சியிலேயே இருக்கிறது.

பெருங்காமநல்லூர்

அடுத்த மறுப்பு நம் தாயகத்திலேயே நிகழ்ந்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதியாரைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று கருதிற்று. 1911-ஆம் ஆண்டில் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி மதுரைச் சீமையில் ஒரு கிராமத்தார் அனைவரும், குற்றம் செய்தவரும் செய்யாதவரும், விரல் ரேகை பதிக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள பெருங்காமநல்லூர் மக்கள் இதை ஏற்கவில்லை. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்ணை உள்ளிட்ட பதினாறு பேரை அவ்வூரார் இன்றும் நினைவில் போற்றுகின்றனர். அச்சட்டம் நாடெங்கும் நீங்க 1952-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தங்கவயலில் 1930

இப்பின்னணியில் தங்கவயலுக்கு வருவோம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்கள் வளர்ந்தன. 1894-ஆம் ஆண்டில் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரமே மின்விளக்கைக் காண 1905 வரை காத்திருந்தது. அதாவது, அக்காலத்து விஞ்ஞானத்தின் புதுமை எதுவாயினும் அது தங்கவயலை விரைவில் எட்டிவிட்டது. கைரேகையும் அத்தகைய புதுமைகளுள் ஒன்று.

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். கிராமத்தில் பண்ணையாரின் கண் எந்நேரமும் தம்மேல் இருக்கக் கண்டவர்கள். சுரங்கத்தின் இருளும் ஆபத்தும் கொடியவை. எனினும் கையில் ரொக்கக் கூலி கிடைத்தது. தெருவில் செருப்பணிந்து நடக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தது. 'லைன்' என்று அவர்கள் அழைத்த வரிசை வீடுகளில், தட்டி மறைப்புக்குள், ஒரு புதிய வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பொன் விளையும் நிலத்தில் சந்தேகமும் விளையும். ஒரு சிட்டிகைப் பொன் மடியில் மறையும் என்ற அச்சத்தால் தொழிலாளியின் உடலைச் சோதிப்பது அன்றாட வழக்கம் ஆயிற்று. பொற்களவைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டங்கள் இயற்றிற்று. தனிப் போலீஸும் கம்பெனியின் காவற்படையும் இருந்தன. தொழிலாளி வேலை முடித்து மேலே வரும்போது, இவன் உழைத்துக் களைத்தவன் என்று நோக்கும் கண்ணைவிட, இவன் எதைக் கொண்டு வருகிறானோ என்று நோக்கும் கண்ணே மிகுதி.

இவ்வாறிருக்க, 1930-ஆம் ஆண்டில் தொழிலாளர்களைக் கைரேகை கொண்டு பதிவு செய்யும் திட்டம் வந்தது. அதன் விளைவு என்னவாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போம். பெயர் மட்டும் ஏறிய ஏட்டில் ஒரு தொழிலாளிக்குச் சிறிது இடம் இருந்தது. ஒரு மேஸ்திரியின் கடுமை பொறுக்காவிடில், அவன் வேறொரு சுரங்கத்துக்குச் சென்று புதிதாகத் தொடங்கலாம். என்றோ ஒருநாள் சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தாலும், அதைப் பின்னே விட்டு வாழலாம். ரேகை ஏறிய ஏட்டில் அந்த இடம் இல்லை. ஒருமுறை விழுந்த கரி அவன் இருக்கும் வரை அவனைத் தொடரும். அந்த ஏடு எவர் பீரோவில் இருக்கும், எவர் அதைப் புரட்டுவர், போலீசுக்கு அது போகுமா என்று கேட்கும் அதிகாரம் அவனுக்குக் கிடையாது.

ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைக்கு இறங்க மறுத்தனர். மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்புக் கிடைத்தது 1940-களில்தான். ஆகவே 1930-இல் அவர்களுக்குப் பின்னால் பெரிய சங்கம் இல்லை, நிதி இல்லை, வக்கீல் இல்லை. கூலி நின்றால் அடுப்பு எரியாது. அந்நிலையிலும் ஏறத்தாழ மூன்று வாரம் உறுதியாக நின்றனர். எழுத்தறியாதோர் பலர் அடங்கிய அக்கூட்டம், நிலப்பத்திரத்திலும் கடன் சீட்டிலும் கைநாட்டு வைத்துப் பழகியதுதான். ஆகவே மையைக் கண்டு அஞ்சினார்கள் என்று கூற இயலாது. கடன் சீட்டில் வைக்கும் கைநாட்டு 'நான் ஒப்பினேன்' என்று கூறும். கம்பெனி கேட்ட கைநாட்டோ 'இவன்மேல் எமக்கு ஐயம்' என்று கூறிற்று. உழைத்துப் பிழைப்பவனைத் திருடனின் வரிசையில் நிறுத்தும் அப்பதிவையே அவர்கள் மறுத்தார்கள். அவர்களுடைய மறுப்பில் மானம் இருந்தது போலவே தெளிந்த அறிவும் இருந்தது.

நீதிமன்றம் நடந்த வழி

நாடு விடுதலை பெற்றது. 1950-ஆம் ஆண்டில் அரசியல் சட்டம் வந்தது. அதில் பேச்சுரிமை உண்டு, தொழில் செய்யும் உரிமை உண்டு, உயிருக்கும் உடல் விடுதலைக்கும் காப்பு உண்டு. ஆயினும் 'அந்தரங்கம்' என்ற சொல் இடம்பெறவில்லை. 1954-இல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், சோதனை இடும் அதிகாரத்துக்கு எதிராக அத்தகைய உரிமை எதையும் அரசியல் சட்டத்தில் காண இயலாது என்றனர்.

அடுத்து வந்தது கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றில் சிக்கிச் சாட்சியமின்றி விடுபட்ட ஒருவரைப் போலீசார் 'பழைய கேடி' ஏட்டில் சேர்த்து, நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பி வந்தனர். 1962-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இரவில் கதவைத் தட்டுவது செல்லாது என்றது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை ஆகாது என்றும் கூறிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்பு நீதிபதியாயிருந்த சுப்பாராவ் மட்டும், உடன் ஒரு நீதிபதியின் இசைவோடு, மாறுபட்டார். கண்காணிப்பின் கீழ் நடமாடுபவன் உண்மையில் விடுதலையோடு நடமாடவில்லை என்பது அவர் கருத்து. தங்கவயல் தொழிலாளிக்கு அக்கருத்து புதிதாக இருந்திராது.

பின்னர்ப் படிப்படியாகக் கதவு திறந்தது. 1994-இல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வழக்கு சென்றது. மரண தண்டனை பெற்ற கைதி ஒருவர் எழுதியதாகக் கூறப்பட்ட வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்பது கேள்வி. வெளியீட்டுக்கு முன்பே அரசு தடை போட இயலாது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒவ்வொருவருக்கும் பிறர் தலையீடின்றி வாழும் உரிமை உண்டு என்பதையும் அத்தீர்ப்பிலேயே விளக்கியது. 1996-ஆம் ஆண்டு டிசம்பரில், தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்குக் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டன.

இதற்கிடையே கைரேகை மீண்டும் நாட்டின் நடுவே வந்து நின்றது. 2009-இல் ஆதார் ஆணையம் அமைந்தது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் எண்கள் வழங்கப்பட்டன. பத்து விரல்களின் ரேகையும் இரு கண்களின் கருவிழிப் பதிவும் கணிப்பொறியில் ஏறின. 2012-ஆம் ஆண்டில், எண்பத்தாறு வயது நிரம்பிய, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, சட்டமன்றத்தின் இசைவில்லாமல் இப்படித் திரட்டுவது முறையா என்று உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தங்கவயல் அடங்கிய அதே மாநிலத்தில் வாழ்ந்த ஒரு முதியவர், தங்கவயலார் எழுப்பிய அதே கேள்வியைச் சட்டத்தின் மொழியில் எழுப்பினார் எனலாம்.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்தரங்கம் உயிருரிமையோடு பிரிக்க இயலாத அடிப்படை உரிமை என்றனர். எம்.பி.சர்மா, கரக் சிங் தீர்ப்புகளின் மாறான பகுதிகள் தள்ளுண்டன. அரசு ஒருவருடைய அந்தரங்கத்தில் நுழைய வேண்டுமாயின் அதற்குச் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பு தந்த அளவுகோல். 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் ஆதார் சட்டம் செல்லும் என்று நால்வர் கூற, ஒருவர் மறுத்தார். அரசு உதவிகளுக்கு ஆதாரைக் கேட்கலாம், ஆனால் வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் கட்டாயமாக்கலாகாது என்பது தீர்ப்பு. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, தாமே விரும்பிக் கொடுப்போரிடம் வாங்க வழி செய்யப்பட்டது. இங்கும் 'விருப்பம்' என்ற சொல்லே திருப்பமாக அமைகிறது. புட்டசாமி அவர்கள் 2024-ஆம் ஆண்டில் தம் 98-ஆம் வயதில் மறைந்தார்.

இணைய காலத்துச் சட்டம்

1930-இல் ரேகை ஒரு பீரோவில் இருந்திருக்கும். இன்று அது இணையத்தின் வழியே நொடியில் நாடு கடக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வணிகத்தையும் குற்றத்தையும் பற்றியே மிகுதியும் பேசிற்று. 2008-இல் வந்த திருத்தம், கவனக்குறைவால் பிறர் விவரங்களைக் கசியவிடும் நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. அதே திருத்தத்தில் புகுந்த 66ஏ பிரிவு, பிறருக்கு மனவருத்தம் தரும் எழுத்தையே குற்றமாக்கிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு ஒரு வரைவை அளித்தது. 2019-இல் வந்த மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 2023 ஆகஸ்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. சில பகுதிகள் உடனேயும், சில ஓராண்டு கழித்தும், முக்கியமானவை பதினெட்டு மாதம் கழித்தும் நடப்புக்கு வரும்படி அவை அமைந்தன.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒப்புதல். நம் விவரத்தைக் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று முன்னரே கூற வேண்டும். அந்நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்தலாகாது. கொடுத்த ஒப்புதலை நாம் திரும்பப் பெறலாம். நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், பிழையைத் திருத்தலாம், தேவை தீர்ந்தபின் அழிக்கச் சொல்லலாம். காப்பதில் பெருந்தவறு செய்வோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. தங்கவயல் தொழிலாளி கேட்க வழியின்றி நின்ற வினாக்கள் பலவும் இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

எனினும் குறைகளையும் மறைத்தலாகாது. மத்திய அரசு தான் அறிவிக்கும் துறைகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களிக்கலாம். அரசு உதவி வழங்குவதற்கு ஒப்புதல் தனியே தேவையில்லை. புகாரை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினரை நியமிப்பதும் மத்திய அரசே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் பற்றிய விதி இறுக்கப்பட்டதால் பொது நன்மைக்கான தகவல்களும் மறைந்துவிடுமோ என்ற கவலை எழுந்தது. 1920-ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்துக்கு மாற்றாக 2022-இல் வந்த சட்டம், கைது செய்யப்பட்டோரின் ரேகை முதலிய அளவுகளை எழுபத்தைந்து ஆண்டு வைத்திருக்க இடம் தருகிறது. விசாரணையின்றி விடுபட்டோர், வழக்கில் விடுதலையானோர் ஆகியோரின் பதிவுகளை, வேறு கட்டளை இல்லாத வரையில், அழிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பெருங்காமநல்லூரை நினைப்போர் அப்பகுதி ஒழுங்காக நடைபெறுகிறதா என்று கண்காணிக்கவே விரும்புவர்.

வெளிமாநிலத் தமிழர்க்கு

தங்கவயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அங்கே வாழ்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களைப் போலவே பல மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று.

பதிவு என்பது எப்போதும் தீங்கு என்று நாம் கூறவில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டுத் திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களிலும் பரவியதால், ஊர் விட்டு ஊர் சென்ற தொழிலாளி அங்கேயே தன் அரிசியைப் பெற வழி பிறந்தது. ஹூக்ளியில் பென்ஷன் பெற்ற முதியவரின் ரேகை போல இதுவும் உரிமையைக் காக்கும் பதிவே. ஆனால் சம்மட்டியும் மண்வெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் சில வேளை அறிய மறுக்கிறது. உழைத்ததாலேயே ரேகை அழிந்தவருக்கு, உழைத்த பயனை மறுப்பது நீதியாகாது. ரேகை பொருந்தாமற் போனதற்காக மட்டும் உரியவர்க்கு உதவியை மறுக்கலாகாது, வேறு அடையாளத்தை ஏற்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவே அத்தகையோர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. மாற்று வழியைக் கேட்டுப் பெறலாம்.

மற்றொரு செய்தியும் உண்டு. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற இயலாது. 2023-இல் கர்நாடகத்தில், பதிவான பத்திரங்களில் இருந்த விரல் ரேகையை நகலெடுத்து, அதைக்கொண்டு பிறர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த குற்றங்கள் வெளிப்பட்டன. ஹெர்ஷல் காலத்தில் மோசடியைத் தடுக்கப் பத்திரத்தில் வைத்த ரேகை, நம் காலத்தில் மோசடிக்கே கருவியாயிற்று. ஆதார் ஆணையம் அளிக்கும் ரேகைப் பூட்டு வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அடையாளம் காட்ட வேண்டிய இடத்தில், எண்ணின் முற்பகுதி மறைத்த ஆதார்ப் படியைக் கொடுக்கலாம். வீட்டு வாடகைக்கும் விடுதி அறைக்கும் முழு எண் கொண்ட நகலை வாரி வழங்க வேண்டியதில்லை.

இறுதியாக, நம்மவர்க்குப் பெரிதும் பயன்படும் ஒரு விதியைக் கூறுவோம். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நம் விவரத்தைக் கேட்கும் நிறுவனம் தன் அறிவிப்பையும் ஒப்புதல் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழி எதிலோ நாம் படிக்கும்படி வாய்ப்பளிக்க வேண்டும். அவ்வட்டவணையில் தமிழ் உண்டு. அகமதாபாத்திலோ கௌஹாத்தியிலோ வாழும் தமிழரும், தமக்குப் புரியாத மொழியில் எழுதிய தாளுக்கு ஒப்புதல் தருவதற்கு முன், 'தமிழில் காட்டுங்கள்' என்று கேட்க இச்சட்டம் இடம் தருகிறது.

1930-இல் தங்கவயல் தொழிலாளர்க்கு இவ்வாறு கேட்க ஒரு சட்டமும் துணை நிற்கவில்லை. வேலையை நிறுத்துவது ஒன்றே அவர்கள் கையில் இருந்தது, அதையே செய்தார்கள். அவர்கள் வழி வந்த நமக்குக் கேட்கும் உரிமை ஏட்டில் ஏறியிருக்கிறது. எவர் கேட்கிறார், எதற்காக, எத்தனை நாள் வைத்திருப்பார் என்னும் மூன்று கேள்விகளை விரலை நீட்டுமுன் கேட்டுப் பழகுவோம். வீட்டிலுள்ள முதியோர்க்கும் பிள்ளைகளுக்கும் அவற்றைக் கற்றுக் கொடுப்போம். மூன்று வாரம் அடுப்பெரியாமல் இருந்தவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.